வீட்டில் வரையும் இதயக் கோடு: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்?

எங்கள் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர், மருந்துச் சீட்டு, பழைய கோப்பு ஆகியவற்றுடன் அண்மைக் காலமாக வேறொன்றையும் கொண்டு வருகின்றனர். கைப்பேசித் திரையில் ஓர் ஈசிஜி கோடு. மருத்துவமனையில் எடுத்ததன்று, ஆய்வகத்தில் எடுத்ததுமன்று. "நானே செய்த கருவி, டாக்டர். அப்பாவுக்கு தினமும் எடுத்துப் பார்க்கிறேன்" என்று மகனோ மகளோ பெருமையும் தயக்கமும் கலந்த குரலில் கூறுவார்கள். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சில்லு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம், மூன்று ஒட்டுப் பட்டைகள். இவ்வளவே அக்கருவி.

இத்தகைய கருவிகளைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் தொடர்ந்து எங்களிடம் கேட்கின்றனர். எங்கள் பிரிவில் நிகழ்ந்த இரண்டு அனுபவங்களை முன்வைத்து இக்கட்டுரையில் விடையளிக்க முயல்கிறோம். ஒன்றில் வீட்டுக் கருவி பிழை செய்தது. மற்றொன்றில் பிழை செய்தவர்கள் நாங்கள்.

இரண்டு அனுபவங்கள்

முதலாவது, ஏற்கெனவே ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒரு பெரியவரைப் பற்றியது. அவருடைய மகன் கணினித் துறையில் பணிபுரிபவர். தந்தையின் மீது மிகுந்த அக்கறை கொண்டவர். அவரே ஈசிஜி கருவியொன்றை உருவாக்கியிருந்தார். ஒரு நாள் நள்ளிரவுக்குப் பின் தந்தைக்கு மேல்வயிற்றில் எரிச்சலும் வியர்வையும் ஏற்பட்டன. மகன் உடனே கருவியைப் பொருத்திப் பார்த்தார். கோடு வழக்கம்போலவே இருந்தது. திரையில் 'இயல்பு' என்ற சொல்லும் தோன்றியது. வாயுத் தொல்லையாக இருக்கலாம் என்று கருதி, வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருந்தனர். காலை எட்டு மணியளவில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த ஈசிஜியில், இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கிய மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்தோம். அவர் உயிர் பிழைத்தார். எனினும் அந்த ஆறேழு மணி நேரத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி மீளாதவாறு செயலிழந்துவிட்டது. மகன் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "என் கருவி ஏன் சொல்லவில்லை?"

இரண்டாவது, ஏறத்தாழ அறுபது வயதுடைய ஒரு பெண்மணியைப் பற்றியது. அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது என்று பல மாதங்களாக எங்களிடம் கூறிவந்தார். ஒவ்வொரு முறையும் ஈசிஜி எடுத்தோம்; ஒவ்வொரு முறையும் அது இயல்பாகவே இருந்தது. மனக்கவலையால் இருக்கலாம் என்று கூறி அனுப்பினோம். பொறியியல் பயிலும் அவருடைய மகள், படபடப்பு நேரும்போதே வீட்டுக் கருவியில் பதிவு செய்து அதை அச்சிட்டுக் கொண்டுவந்தார். அங்கீகரிக்கப்பட்ட கருவியில் எடுத்ததன்று என்பதால், முதல் முறை அந்தத் தாளைச் சரியாகப் பார்க்காமலேயே ஒதுக்கி வைத்தோம். அடுத்த வருகையில் அவர் மூன்று வெவ்வேறு நாட்களின் பதிவுகளை எங்கள் முன் வைத்தார். ஒழுங்கற்ற, விரைவான துடிப்பு மூன்றிலும் தெரிந்தது. உடலோடு அணிந்து தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்தினோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம் உறுதியானது. இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை அன்றே தொடங்கினோம். அந்தத் தாளை முதல் முறையே படித்திருந்தால் அம்மருந்தை முன்னரே தொடங்கியிருக்கலாம்.

ஏறத்தாழ ஒரே வகையான கருவிதான் இரு வீடுகளிலும் இருந்தது. ஒரு வீட்டில் தீங்கு நேர்ந்தது. மறுவீட்டில் பெரும் உதவி கிட்டியது. இதன் காரணத்தை அறிய, அந்தச் சில்லு என்ன செய்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

சில்லு என்ன செய்கிறது?

இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதற்கு முன்பும் ஒரு மின்னலை அதன் தசைகளில் பரவுகிறது. அந்த மின்னலை தோலை வந்தடையும்போது அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் மட்டுமே. சுவர்க் கடிகாரத்தில் போடும் சிறு மின்கலத்தின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இதனை அளக்க உருவாக்கிய கருவி ஏறத்தாழ 270 கிலோ எடையுடையது. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிறைந்த சாடிகளில் வைத்திருக்க வேண்டும். அப்பணிக்காக 1924ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று அவ்வேலையின் பெரும்பகுதியை, அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏ.டி. 8232 போன்ற, பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒரு சில்லு செய்துவிடுகிறது. அது சிறு மின்னலையைப் பெருக்குகிறது. தேவையற்ற இரைச்சலை வடிகட்டுகிறது. ஒட்டுப் பட்டை கழன்றுவிட்டால் தெரிவிக்கிறது. அதன் வெளியீடு ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தமே. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளால் அதை நேரடியாகப் படிக்க இயலாது. எண்ணாக மாற்றித் தரும் மற்றொரு சில்லு இடையில் வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.எஸ். 1292ஆர் என்ற சில்லில் அம்மாற்றியும் உள்ளேயே அமைந்துள்ளது. விரல் நுனியில் நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் அளக்க மேக்ஸ் 30102 என்ற சில்லைப் பலர் பயன்படுத்துகின்றனர்.

இந்த எண்களைப் பெற்றுக் கோடாக வரைவது கணினியில் உள்ள மென்பொருள். 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி வளர்க்கும் திறமூல இயங்குதளம். மேக்ஸ் 30102 முதலிய உடல்நலச் சில்லுகளுக்கான இயக்கிகள் அதன் கருவகத்திலேயே தனிப் பிரிவாக இடம்பெற்றுள்ளன. பெங்களூரைச் சேர்ந்த புரோட்டோசென்ட்ரல் நிறுவனம் உருவாக்கிய ஹெல்தி-பை என்ற பலகையின் மின்சுற்று வரைபடமும் நிரலும் அனைவரும் காணும்வகையில் வெளியிடப்பட்டுள்ளன.

திறந்திருத்தலின் நன்மை

மருத்துவர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு பெரிய பயன் உண்டு. 'இந்த எண் எப்படி வந்தது?' என்று கேட்டால் விடை கிடைக்கும். கடையில் வாங்கும் கைக்கடிகாரம் பெரும்பாலும் அந்த விடையைத் தருவதில்லை.

மேற்கூறிய மாணவி எங்கள் ஐயத்தைப் போக்கியதும் அவ்வாறுதான். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட எம்.ஐ.டி.–பி.ஐ.எச். தொகுப்பில், 47 பேரிடமிருந்து எடுக்கப்பட்ட 48 அரைமணி நேர ஈசிஜி பதிவுகள் உள்ளன. ஒவ்வொரு துடிப்பும் எத்தகையது என்று இதயநோய் வல்லுநர்கள் அவற்றில் குறித்துவைத்துள்ளனர். எவரும் அவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தம் நிரல் துடிப்புகளைச் சரியாகக் கண்டறிகிறதா என்பதை அம்மாணவி அப்பதிவுகளைக் கொண்டு சோதித்திருந்தார். எங்கெங்கே தவறியது என்பதையும் பட்டியலிட்டிருந்தார். தவறுகளை மறைக்காத அந்தப் பட்டியலே எங்கள் நம்பிக்கையைப் பெற்றது.

நோயாளிகளே தொடங்கிய திறமூல முயற்சி மருத்துவத்துக்குள் நுழைந்த வரலாறும் உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள அமெரிக்கப் பெண்மணி டேனா லூயிஸ், உறக்கத்தில் தம் குளுக்கோஸ் கருவியின் எச்சரிக்கை ஒலி கேட்கவில்லை என்ற குறையைத் தீர்க்க முனைந்தார். அம்முயற்சி 2015ஆம் ஆண்டு ஓபன் ஏ.பி.எஸ். என்ற, இன்சுலின் அளவைத் தானே சரிசெய்யும் திறமூல அமைப்பாக வெளிவந்தது. தொடக்கத்தில் அதுவும் ராஸ்பெரி பை கணினியில் இயங்கியதே. இத்தகைய திறமூல முறை பின்னர் நியூசிலாந்தில் 97 பேரிடம் முறையான மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, அதன் நல்ல முடிவுகள் 2022இல் வெளியாயின. நிரல் திறந்திருந்ததால் அதை எவரும் சோதிக்க முடிந்தது. அச்சோதனையே அதற்கு மதிப்பைத் தந்தது. திறந்திருப்பதால் மட்டும் ஒன்று சரியானதாகிவிடாது.

"என் கருவி ஏன் சொல்லவில்லை?"

இனி அந்த மகனின் கேள்விக்கு வருவோம். விடை மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதலாவது, பார்க்கும் திசை. மருத்துவமனையில் பத்து ஒட்டுப் பட்டைகளைக் கொண்டு பன்னிரண்டு திசைகளிலிருந்து இதயத்தைப் பார்க்கிறோம். வீட்டுக் கருவி மூன்று பட்டைகளைக் கொண்டு ஒரே திசையிலிருந்து பார்க்கிறது. வீட்டின் முன்வாசலில் நிற்பவருக்குக் கொல்லைப்புறத்தில் எரியும் தீ தெரியாது. அப்பெரியவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது இதயத்தின் கீழ்ச்சுவரில்; கருவி பார்த்ததோ பக்கவாட்டிலிருந்து.

இரண்டாவது, வடிகட்டி. மின்விசிறி, விளக்கு, இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும், மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் மிதப்பதும் வீட்டுப் பதிவுகளின் பெருந்தொல்லை. அவற்றைக் குறைப்பதற்காக இக்கருவிகள் பொதுவாக 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 40 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவற்றை நீக்கிவிடுகின்றன. துடிப்பை எண்ணுவதற்கு அதுவே போதும். நோயறியும் ஈசிஜியோ 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்கிறது. மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. பகுதியின் ஏற்றம் மெதுவான, மிகச் சிறிய மாற்றம். ஈசிஜி தாளில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 0.1 மில்லிவோல்ட் கூட எங்களுக்குப் பொருளுடையது. வடிகட்டி அதனைக் குறைத்தும் காட்டலாம். இல்லாததை உண்டாக்கியும் காட்டலாம். கோடு அழகாகத் தெரிவதற்காக நாம் நீக்குவது நோயின் தடயமாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, நோயின் இயல்பு. பன்னிரண்டு திசை ஈசிஜி கூட மாரடைப்பின் தொடக்கத்தில் இயல்பாக இருக்கலாம். அதனால்தான் அவசர சிகிச்சைப் பிரிவில் சிறிது நேரம் கழித்து மீண்டும் ஈசிஜி எடுக்கிறோம். இரத்தத்தில் ட்ரோபோனின் அளவையும் பார்க்கிறோம். ஒரே ஒரு கோட்டை நம்பி நாங்களே நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில்லை.

ஆகவே, திரையில் 'இயல்பு' என்று எழுதும் அதிகாரம் அக்கருவிக்கு இருந்திருக்கவே கூடாது. 'துடிப்பு 78, சீராக உள்ளது' என்பதோடு அது நின்றிருக்க வேண்டும். படபடப்பு நேரும் கணத்தில் துடிப்பு சீரானதா, சீரற்றதா என்பதைப் பதிவு செய்ய ஒரே திசை போதும். இரண்டாவது குடும்பத்துக்கு அது உதவியதன் காரணம் அதுவே.

இடையில் ஒரு நுட்பத்தையும் கருவி உருவாக்குவோர் கவனிக்க வேண்டும். லினக்ஸ் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் இயங்குதளம். வேறு வேலையில் அது ஈடுபட்டிருக்கும்போது சில அளவீடுகள் விடுபட்டுப்போகலாம். விடுபட்ட இடத்தை நிரல் ஒட்டிவிட்டால் இரண்டு துடிப்புகள் நெருங்கிவந்ததுபோல் தோன்றும். சீரான இதயம் சீரற்றதாகத் தெரியும். தன் சொந்தக் கடிகாரத்தையும் சிறு நினைவகத்தையும் கொண்ட சில்லைப் பயன்படுத்துவதும், விடுபட்ட இடத்தை வெற்றிடமாகவே காட்டுவதும் இதைத் தவிர்க்கும் வழிகள்.

மின்பாதுகாப்பு: சமரசத்துக்கு இடமில்லை

பசையுடன் கூடிய ஒட்டுப் பட்டை, தோலின் இயற்கையான மின்தடையைக் குறைத்துவிடுகிறது. அதன் வழியே மின்சாரம் உள்ளே செல்லும் பாதையும் எளிதாகிறது. இதயத்தோடு நேரடியாகத் தொடர்புறத்தக்க மருத்துவமனைக் கருவிகளில், இயல்பான நிலையில் நோயாளிக்குக் கசியும் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தரநிலை. அதற்கென அவற்றுள் தனிக் காப்புச் சுற்று உண்டு. வீட்டில் சேர்த்த பலகையில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

எனவே உடலோடு இணைந்திருக்கும்போது கருவி மின்கலத்தில் மட்டுமே இயங்க வேண்டும். சுவர் மின்செருகியோடு இணைந்த சார்ஜர், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மடிக்கணினி, மின்சாரத்தில் இயங்கும் திரை ஆகிய எதனோடும் கம்பி வழியாக இணைக்கக் கூடாது. பதிவை வைஃபை வழியாக அனுப்பிக்கொள்ளலாம்.

பேஸ்மேக்கர் அல்லது ஐ.சி.டி. பொருத்தியவர்கள் எங்களைக் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். சில சில்லுகள் மூச்சை அளப்பதற்காக உடலுக்குள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. சிலவகை பேஸ்மேக்கர்களின் செயல்பாட்டை அது குழப்பக்கூடும். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும்போது எவருக்கும் வீட்டுக் கருவியைப் பொருத்த வேண்டாம்.

விரல் நுனி ஆக்சிஜன் எண்

சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் இரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவு கணக்கிடப்படுகிறது. அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணையை, தன்னார்வலர்களின் தமனி இரத்தத்தைச் சோதித்து நிறுவனங்கள் உருவாக்குகின்றன. வெறும் சில்லுக்கு அத்தகைய அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருப்பதில்லை. வீட்டு நிரல்கள் ஒரு பொதுச் சூத்திரத்தையே பயன்படுத்துகின்றன. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கை அசைவு ஆகியவையும் எண்ணை மாற்றும். கருமை நிறத் தோலுள்ளவர்களுக்கு, மருத்துவமனைக் கருவிகளே சில வேளைகளில் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டுகின்றன என்பதை 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு உணர்த்தியது. மூச்சுத்திணறல் உள்ளவருக்குத் திரையில் 97 என்று தெரிந்தாலும், திணறலையே நம்புங்கள்.

எங்களிடம் வரும்போது

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் நடைமுறையில் உள்ளன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டக் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டன. வீட்டில் சேர்த்த பலகை அச்சோதனைகள் எதையும் கடந்ததன்று. அதன் பதிவு எங்களுக்கு ஒரு தகவல். நோய் முடிவு அன்று. அத்தகவல் பயன்பட வேண்டுமானால் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

• அமர்ந்தோ படுத்தோ, கைகளைத் தளர்த்தி, குறைந்தது முப்பது விநாடிகள் பதிவு செய்யுங்கள்.
• நாள், நேரம், அப்போது இருந்த தொல்லை, அது நீடித்த நேரம் ஆகியவற்றை உடன் எழுதுங்கள். இவை இல்லாத கோட்டினால் பயன் குறைவு.
• தொல்லை இல்லாத நேரத்தில் எடுத்த ஒரு பதிவையும் ஒப்பிடுவதற்காகக் கொண்டுவாருங்கள்.
• விநாடிக்கு 25 மில்லிமீட்டர், மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவில் அச்சிடுங்கள். எந்தச் சில்லு, எந்த வடிகட்டி என்பதையும் குறிப்பிடுங்கள்.
• கோட்டைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
• நோயாளியின் பெயரோடு பதிவுகளை இணையத்தில் பகிர வேண்டாம். நிரலைத் திறந்து வைக்கலாம். நோயாளியின் தகவலைத் திறந்து வைக்கக் கூடாது.

கருவியைத் தேடவே கூடாத நேரங்கள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, காரணமின்றி வியர்த்தல், மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்று எரிச்சலாகவோ சோர்வாகவோ கூட வரலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் பட்டைகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள். கோடு எடுக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது நடைப்பயிற்சி செய்கிறார். மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. சென்ற முறை வந்தபோது மகன் தம் கருவியை எங்களிடம் காட்டினார். 'இயல்பு' என்ற சொல்லை நிரலிலிருந்து நீக்கிவிட்டார். இப்போது கருவியை இயக்கியவுடன் திரையில் முதலில் ஒரு கேள்வி தோன்றுகிறது: 'நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத்திணறல் உண்டா?' ஆம் என்று தொட்டால் கருவி எதையும் வரைவதில்லை. 108 என்ற எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டுகிறது. மாற்றிய நிரலை மற்றவர்களும் பயன்படுத்தும்படி அவர் வெளியிட்டுள்ளார்.

நாங்களும் ஒன்றை மாற்றிக்கொண்டோம். வீட்டிலிருந்து கொண்டுவரும் எந்தத் தாளையும் படிக்காமல் இனி ஒதுக்குவதில்லை.